ஏழு வாரக் குழந்தையை பவுன்சரில் தூங்க விடலாமா?

கேள்வி:
என் பெண்ணுக்கு இன்றோடு ஏழு வாரம். நாத்தனார் ஒரு பவுன்சர் வாங்கித் தந்தார், வளைந்த கம்பியில் துணி மாட்டியது, குழந்தை காலை உதைத்தால் தானாகவே குலுங்கும். மடியை விட்டு இறக்கினாலே அழுகிறவள் அதில் போட்ட பத்து நிமிடத்தில் கண் சொருகிவிடுகிறாள். பால் குடித்ததும் கக்குகிறாள், சாய்வாகப் படுத்தால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். நேற்று மதியம் ஒன்றரை மணி நேரம் அதிலேயே தூங்கினாள். குக்கரை இறக்கிவிட்டு வந்து பார்த்தால் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சோடு ஒட்டி, மூச்சு கர் கர்ரென்று வந்துகொண்டிருந்தது. தூக்கித் தோளில் போட்டதும் சத்தம் நின்றுவிட்டது. "தூங்குற பிள்ளையை எதுக்கும்மா எழுப்புற" என்கிறார் அத்தை. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. பவுன்சரையே எடுத்து வைத்துவிடவா?

பதில் 1:
நீங்கள் தூக்கியது ரொம்பச் சரி. பதினோரு வருஷமாகக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த வயதில் உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கழுத்தோ இன்னும் நிற்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்த நிலையில் தூங்கிப்போனால் தலை முன்னால் விழும், தாடை நெஞ்சில் அழுந்தும், ஏற்கெனவே குறுகலாகவும் மெத்தென்றும் இருக்கிற மூச்சுக்குழல் மடங்கும். தலையைத் தூக்கிக்கொள்ள அவளுக்குப் பலம் கிடையாது. நேற்று சத்தம் வந்தது, உங்கள் காதில் விழுந்தது. பல நேரம் சத்தமே வராது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் கம்பெனியின் ராக் என் ப்ளே என்ற சாய்வுப் படுக்கையை, ஏறக்குறைய 47 லட்சம், திரும்பப் பெற்றார்கள். அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் இறந்திருந்தார்கள். 2022-ல் 10 டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. பவுன்சர் அந்தத் தடையில் வராது, ஏனென்றால் அது தூங்குவதற்கான பொருளே இல்லை. ஆனால் சாய்வு அதைவிட அதிகம்.

கக்குவதற்கும் சாய்வு மருந்தில்லை. பால் கொடுத்ததும் இருபது, முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் எடுத்துவிட்டு, கெட்டியான மெத்தையில் சமமாக மல்லாக்கப் போடுங்கள். மல்லாந்து படுத்தால் பால் புரையேறிவிடும் என்று எல்லா வீட்டிலும் பயப்படுகிறார்கள். அப்படிப் படுக்கும்போது மூச்சுக்குழல் மேலே, உணவுக்குழல் கீழே இருக்கிறது, மேலே வந்த பாலைக் குழந்தை விழுங்கிவிடும். தலை உருண்டையாக வரட்டும் என்று கடுகுத் தலையணை வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பவுன்சரைத் தூக்கிப் போட வேண்டாம். முழித்திருக்கும்போது, பெல்ட் போட்டு, உங்கள் கண் முன்னால், ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போல. கண் சொருகினால் உடனே எடுத்துப் படுக்கையில் போடுங்கள், முழித்து அழுதாலும் பரவாயில்லை.

பதில் 2:
ஒரு அப்பாவாக என் அனுபவம். பவுன்சரைத் தரையில் மட்டும் வையுங்கள். எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது என்று டைனிங் டேபிள் மேல் வைத்தோம், கண்ணாடி டேபிள். மகனுக்கு நாலு மாதம், நன்றாக உதைப்பான். ஒவ்வொரு உதைக்கும் பவுன்சர் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது, நான் அங்கேயே போன் பேசிக்கொண்டு இருந்தும் கவனிக்கவில்லை. முன் கம்பி விளிம்பைத் தாண்டித் தொங்கியதைப் பார்த்துப் பாய்ந்து பிடித்தேன். பெல்ட்டும் போட்டிருக்கவில்லை, "சும்மா ஐந்து நிமிடம்தானே" என்றுதான். கட்டில், சோபா மேலும் வேண்டாம், மெத்தென்ற இடத்தில் அப்படியே கவிழும். குழந்தையோடு சேர்த்து பவுன்சரைத் தூக்கி நடக்காதீர்கள். அட்டையில் எத்தனை கிலோ வரை என்று இருக்கும், எங்களுடையதில் 9. ஆனால் அவள் தானாக எழுந்து உட்காரப் பார்த்தாலே பவுன்சரை நிறுத்திவிட வேண்டும், எடை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேட்டவர்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ தூளியில் போடு, நாங்க எல்லாம் அதில்தானே வளர்ந்தோம்" என்கிறார். தூளி பரவாயில்லையா?

பதில் 1:
தூளியில் வளர்ந்தவள்தான் நானும், அத்தை சொல்வதன் அருமை எனக்குப் புரிகிறது. ஆனால் புடவைத் துணி தொய்யும்போது குழந்தையின் உடம்பு வில்லாக வளைகிறது, தாடை அதே மாதிரி நெஞ்சுக்கு வருகிறது, துணி முகத்தை மூடிக்கொண்டாலும் வெளியே தெரியாது. அழுகையை அடக்க, நீங்கள் பக்கத்தில் நின்று ஆட்டுகிற நேரம் வரைக்கும் சரி. தூங்கினதும் எடுத்துப் பாயிலோ மெத்தையிலோ போட்டுவிடுங்கள். இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன், சமமாகப் படுக்கும்போதும் அந்த கர் கர் சத்தம் வருகிறதா? குறைமாதத்தில் பிறந்தவளா? இரண்டில் ஒன்று ஆமாம் என்றாலும் தடுப்பூசித் தேதி வரை பொறுக்காமல் நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ உதடு நீலமானாலோ நாளை வரைக்கூட வேண்டாம், அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேட்டவர்:
நிறைமாதம்தான். நேற்று ராத்திரி சமமாகப் போட்டேன், சத்தம் இல்லை. இருபது நிமிடம் அழுதாள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருந்தேன், அப்புறம் மூன்று மணி நேரம் தூங்கினாள். பவுன்சர் இப்போது ஹால் தரையில், நான் துணி மடிக்கிற இடத்துக்கு எதிரில் இருக்கிறது.