நுவரெலியாவில் சிறுநீர்ப் புரதச் சோதனை: கலங்கலை நம்பலாமா?

கேள்வி: சோதனைக் குழாயில் முக்கால்வாசி சிறுநீர் எடுத்து மேற்பகுதியைச் சூடாக்கினால் வெண்கலங்கல் வருகிறது. அல்புமின் (இரத்தத்திலுள்ள முக்கியப் புரதம்) என்று எழுதலாமா? இங்கே மலை உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிப்பது இடைஞ்சலா?

பதில் 1: அவசரப்படாதீங்க. 5 சதவீத அசற்றிக் அமிலம் 3–5 துளி விட்டு மறுபடி சூடாக்குங்க. கலங்கல் கரைந்தால் பொஸ்பேற்று உப்பு, நின்றால் புரதம். அமிலம் கூடினால் புரதமே கரைந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

பதில் 2: உயரம் அல்புமினுக்குத் தடையில்லை, அது உறைய 70 பாகையே தாராளம். பென்ஸ் ஜோன்ஸ் புரதம்தான் (சில இரத்தப் புற்றுநோய்களில் சிறுநீரில் வருவது) வில்லங்கம்: 40–60 பாகையில் படியும், கொதிநிலையை நெருங்கக் கரையும், ஆறினால் திரும்பும். மலையில் 100 பாகை எட்டாததால் அரைகுறையாகக் கரையலாம். டிப்ஸ்டிக்கும் (சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டை) பெரும்பாலும் அதைத் தவறவிடும். சந்தேகமென்றால் எலெக்ட்ரோபோரசிஸ்தான் (மின்புலத்தில் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை).

பதில் 1: ஆமா. மாதிரி ஏற்கெனவே கலங்கியிருந்தால் முதலில் வடிகட்டுங்க.