குவைத்: திடீரென்று கிளம்ப வேண்டி வந்தால் எப்படி? 4 மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் இல்லை

கேள்வி (மங்காஃப்):

வணக்கம். 2025 ஜூன் 23 ராத்திரி, கத்தாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதைத் தளத்தின் மேல் ஈரான் ஏவுகணை விட்டபோது இங்கே குவைத்திலும் வான்வழியை மூடினார்கள். சில மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள், ஆனால் அந்த நேரம் முழுக்க நான் அலமாரி முன்னால் நின்று பிள்ளைகளின் துணியை எடுத்துப் பெட்டியில் திணிப்பதும் வெளியே எடுப்பதுமாக இருந்தேன். இன்னொரு முறை அப்படி நிற்கக் கூடாது.

எங்கள் நிலைமை: கணவர் தனியார் கம்பெனி, 18ஆம் பிரிவு விசா. அவர் பாஸ்போர்ட் கம்பெனி மந்தூப்பிடம், அதாவது விசா, அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் ஆளிடம், இருக்கிறது. நானும் 9 வயதுப் பையனும் குடும்ப விசா. சின்னவள் இங்கேதான் பிறந்தாள், 4 மாதம். பிறப்புச் சான்றிதழில் அவள் அப்பா பெயரை அரபியில் தப்பாக எழுதி, திருத்தி வாங்கவே நாள் ஓடிவிட்டது, பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. போன மாதம் என் அம்மா விசிட் விசாவில் வந்திருக்கிறார், சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர். பையில் என்னென்ன வைப்பது, முதலில் எதைச் செய்வது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் (சூடான் தலைநகர் கார்ட்டூமில் இருந்து திரும்பியவர்):

தங்கச்சி, பையை அப்புறம் பார்க்கலாம். உங்கள் வீட்டில் இன்றைக்குக் கிளம்ப முடியாத ஆட்கள் இரண்டு பேர், குழந்தையும் உங்கள் கணவரும். குடும்பம் எப்போது நகரும் என்பதை அந்த இரண்டு பேருடைய காகிதம்தான் தீர்மானிக்கும்.

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலை கார்ட்டூமில் சண்டை ஆரம்பித்தது, விமான நிலையம் அன்றைக்கே மூடிவிட்டது. என் கணவர் பாஸ்போர்ட்டும் இதே மாதிரி ஆபீஸ் பெட்டகத்தில் இருந்தது. ஆபீஸ் பக்கத்துத் தெருதான், நடந்தால் பத்து நிமிஷம், ஆனால் நடுவில் துப்பாக்கிச் சண்டை. கடைசி வரை எடுக்க முடியவில்லை. கரண்டும் தண்ணீரும் இல்லாமல் காத்திருந்து, பஸ்ஸுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்து, 800 கிலோமீட்டருக்கு மேல் போர்ட் சூடானுக்குப் போனோம். அங்கே அவருக்கு எமர்ஜென்சி சர்ட்டிஃபிகேட் போட்டுக் கொடுத்தார்கள், அதாவது பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்குத் தூதரகம் தரும் ஒருவழிப் பயண ஆவணம். அவருடைய பழைய பாஸ்போர்ட் நகல் என் போனில் இருந்ததால்தான் அது சீக்கிரம் கிடைத்தது. அப்புறம் கப்பலில் ஜெத்தா, அங்கிருந்து டெல்லி. அங்கே தமிழ்நாடு இல்லத்து ஆட்கள் வந்து ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

இன்னொன்று, எங்களோடு வந்த சிலரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாததால், ஊர் மண்ணை மிதித்த பிறகும் தனிமைப்படுத்தி வைத்தார்கள். குவைத்துக்கு அந்த ஊசி தேவையில்லை. ஆனாலும் இரண்டு பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகமும் பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் இருக்கட்டும்.

பதில் (சால்மியா):

அக்கா, குழந்தை விஷயத்தில் ஒரு கெடு இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும், தாண்டினால் டெல்லி அனுமதி வரை இழுக்கும். பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்து இந்த வாரமே போடுங்கள். போடும்போது உங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் பெயர் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். நம் ஆட்களுக்கு இனிஷியல்தான் தொல்லை, ஒன்றில் விரித்து எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் வெறும் எழுத்தாக இருக்கும்.

அண்ணனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2025 ஜூலை 1 முதல் 18ஆம் பிரிவு விசாக்காரர்கள் நாட்டை விட்டுப் போக, கம்பெனி ஒப்புதலோடு வெளியேறும் அனுமதி எடுக்க வேண்டும். குவைத் அரசின் சாஹல் செயலியில் விண்ணப்பிக்கலாம், ஆனால் கம்பெனி பக்கம் ஒருவர் அதை அங்கீகரிக்க வேண்டுமே. அந்த ஆள் யார், அவர் இல்லாவிட்டால் யார் என்று இப்போதே கேட்டு வைக்கட்டும்.

வானம் மூடினால் தெற்கே நுவைசீப் எல்லை வழியாகச் சவூதிதான். அந்தப் பக்கம் கஃப்ஜி, அப்புறம் தம்மாம். இக்காமா, அதாவது குடியிருப்பு அனுமதி, உள்ளவர்களுக்குச் சவூதி சுற்றுலா ஈ-விசா கிடைக்கிறது, நாங்கள் குடும்பத்தோடு எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அது வளைகுடாவில் குடியிருப்பு உள்ளவர்களுக்கு, விசிட் விசாவில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது.

கேள்வி கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. குழந்தையின் காகிதங்களை எடுத்து வைத்துவிட்டேன். பாஸ்போர்ட்டைக் கேட்கத்தான் கணவர் தயங்குகிறார், "வேலையை விட்டுப் போகப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள்" என்கிறார். அம்மாவோ "உங்களை விட்டுவிட்டு நான் மட்டும் போகவா" என்று அழுகிறார். அவரைத் தனியாக அனுப்ப எனக்கும் மனசு வரவில்லை.

பதில் (1990இல் குவைத்தில் இருந்தவர்):

அம்மா, எனக்கு இப்போது 63 வயது. 1990 ஆகஸ்ட் 2 அன்று, ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, நான் இங்கே ஹவல்லியில் இருந்தேன். ஒன்று சொல்கிறேன், அம்மாவை முன்னதாக அனுப்புவது அவரை விட்டுவிடுவது ஆகாது. நாங்கள் பஸ் பிடித்து பஸ்ரா, பாக்தாத் வழியாக ஜோர்டான் எல்லைக்குப் போனோம், பாலைவனக் கூடாரத்தில் தண்ணீருக்கு வரிசை, அப்புறம் அம்மானில் விமானத்துக்கு முறை வரும் வரை காத்திருப்பு. 1,70,000 பேருக்கு மேல் ஏர் இந்தியா அப்படி ஏற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கூடாரத்தில் வயதானவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். விமானம் ஒழுங்காக ஓடும்போது, டிக்கெட் சாதாரண விலையில் இருக்கும்போது அவரை அனுப்பி வையுங்கள். ஊரில் அவர் வீட்டைத் திறந்து வைத்திருந்தால்தானே நீங்கள் போய் இறங்க ஓர் இடம் இருக்கும், அதையே அவரிடம் சொல்லுங்கள்.

பணம். நான் வீட்டில் தினாராகவே சேர்த்து வைத்திருந்தேன். ஈராக் வந்ததும் குவைத் தினாரை ஈராக் தினாருக்குச் சமம் என்றார்கள், அப்புறம் செல்லாது என்றார்கள். எட்டு வருஷ உழைப்பு. அதனால் இங்கே தேவைக்கு மேல் வைக்காதீர்கள், ஊர்க் கணக்குக்கு மாதாமாதம் போய்விடட்டும், கையில் கொஞ்சம் டாலர் சின்ன நோட்டாக இருக்கட்டும்.

வீட்டுச் சாமான், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வண்டிப் பத்திரம் எல்லாவற்றையும் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பின்னால் ஐ.நா. நஷ்ட ஈட்டு ஆணையம் வந்தது. கிளம்பி வந்ததற்காகத் தனி ஆளுக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர் என்று நிர்ணயித்தார்கள். இழந்த பொருளுக்கும் சம்பள பாக்கிக்கும் தனியாகக் கேட்கலாம், ஆனால் சான்று வேண்டும். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பாஸ்போர்ட்டை உங்கள் கணவர் பயந்து கேட்க வேண்டியதில்லை. அது இந்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட்டிலேயே அச்சிட்டிருக்கிறது, கம்பெனி அதைப் பிடித்து வைப்பதை இங்கத்திய சட்டமும் அனுமதிக்கவில்லை. மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கத் தகப்பன் பாஸ்போர்ட் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். உண்மையான காரணம்தானே.

பதில் (செவிலியர், ஃபர்வானியா):

இன்சுலினுக்கு மட்டும் எழுதுகிறேன். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜில். திறந்ததைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழ் 28 நாள் வரை வைக்கலாம், அம்மாவுடைய வகைக்கு எத்தனை நாள் என்று மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். இங்கே கோடையில் நின்ற காருக்குள் வைத்தால் கெட்டுவிடும். ஐஸ் மேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்துவிட்டால் அதற்கப்புறம் போடவே கூடாது, துணியில் சுற்றி வையுங்கள். செக்-இன் பெட்டியில் போடாமல் கையில் கொண்டுபோகட்டும், மருத்துவர் சீட்டில் மருந்தின் பொதுப் பெயரும் (ஜெனரிக் பெயர்) இருக்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட குளுக்கோஸோ பேரீச்சம்பழமோ மேல் பையிலேயே இருக்கட்டும்.

குழந்தைக்குப் பவுடர் பால் என்றால் மூன்று நாளுக்கான டப்பா, கொதிக்க வைத்த தண்ணீருக்கு ஃபிளாஸ்க். தாய்ப்பால் என்றால் நீங்கள் குடிக்கும் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர் (12 நாள் கழித்து):

ஐயா சொன்ன காரணத்தையே சொல்லிக் கேட்டார், அன்று மாலையே மந்தூப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டார், ஒரு கேள்வி இல்லை. குழந்தைக்குப் பதிவும் பாஸ்போர்ட்டும் சேர்த்து விண்ணப்பித்தாகிவிட்டது. அம்மாவுக்கு வரும் வெள்ளிக்கிழமை திருச்சி விமானம். ராத்திரி பையனை உட்கார வைத்து அப்பா போன் நம்பரையும் ஊர்ப் பாட்டி நம்பரையும் மனப்பாடம் செய்ய வைத்தேன், பாட்டி நம்பரில் கடைசி இரண்டு எண் மட்டும் இன்னும் மாற்றிச் சொல்கிறான். சவூதி விசா குழந்தைக்குப் பாஸ்போர்ட் வந்ததும் எல்லாருக்கும் சேர்த்துப் போடலாம் என்று இருக்கிறோம். சால்மியா தம்பி, குடும்ப விசாவில் இருப்பவர்களுக்குத் தனித்தனியாகப் போட வேண்டுமா, கணவரோடு சேர்த்தா?

பதில் (சால்மியா):

தனித்தனி விண்ணப்பம்தான் அக்கா. நாங்கள் முதலில் எனக்கு எடுத்தோம், அது வந்த பிறகு மனைவிக்கும் பிள்ளைக்கும் போட்டோம். பாஸ்போர்ட்டில் 6 மாதம், இக்காமாவில் 3 மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், குறைந்தால் அதைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் போடுங்கள்.