மெக்கடம்: ஒரு குடும்பப்பெயருக்கு எத்தனை கலைச்சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சாலைப் பொறியியல் சொற்பட்டியலில் ‘மெக்கடம்’ (உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கிப் போடும் சாலைத் தளம்) ஐந்து இடங்களில் வருகிறது: வாட்டர் பவுண்ட் மெக்கடம், வெட் மிக்ஸ் மெக்கடம், பிட்டுமினஸ் மெக்கடம், டென்ஸ் பிட்டுமினஸ் மெக்கடம், டார்மாக் (தார்-மெக்கடம் என்பதன் சுருக்கம்). ஆள்பெயர் என்பதால், மின் அலகுகளான வாட், ஓம் போல அப்படியே ஒலிபெயர்த்துவிடலாமா? முதல் சொல்லுக்கு ‘நீர்ப்பிணைப்பு மெக்கடம்’ என்று குறித்திருக்கிறேன்.

மறுமொழி 1

> வாட், ஓம் போல அப்படியே ஒலிபெயர்த்துவிடலாமா?

அம்மா, வாட்டும் ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர்தான். ஆனால் எங்கே வந்தாலும் அது ஒரே அளவைக் குறிக்கும். மெக்கடம் அப்படியில்லை. இந்த ஐந்திலும் கல்லைக் கல்லோடு நிறுத்தி வைக்கும் பொருள் ஒன்றல்ல. பெயரைப் பார்த்து அதை அறிய முடியாது.

ஜான் லௌடன் மெக்கடம் 1756-இல் ஏர் நகரில் பிறந்தவர். 1816-இல் பிரிஸ்டல் சுங்கச்சாலைகளின் மேற்பார்வையாளரானார். அவர் விதி எளிது: மண் உலர்ந்திருந்தால் மண்ணே பாரம் தாங்கும், மேலே போடும் கல் ஆறு அவுன்சுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மிகக்கூடாது, 30 அடி அகலச் சாலைக்கு நடுவில் 3 அங்குல உயரம் போதும், தண்ணீர் வடிந்துவிடும். உடைத்த கல்லின் கூர்முனைகள் வண்டிச் சக்கரத்தின் அடியில் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பிணைப்புக்கு என்று சொல்லி மண்ணோ களியோ மேலே போடுவதை அவர் கண்டிப்பாக மறுத்தார்.

நாம் இன்று வாட்டர் பவுண்ட் என்று போடுவது அவர் மறுத்ததையேதான். 63 முதல் 45 மி.மீ. வரையோ 53 முதல் 22.4 மி.மீ. வரையோ உள்ள கப்பியை, அதாவது உடைத்த பெருஞ்ஜல்லியைப் பரப்பி, 8–10 டன் உருளையை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓட்டி, முதலில் உலர்வாக இறுக்க வேண்டும். பிறகு பொடிஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல் மெல்லிய தூவலாகப் போட்டு, விளக்குமாற்றால் இடுக்குகளில் தள்ளி, மறுபடி உருட்டுவார்கள். கடைசியில் தண்ணீரும் பிணைப்பு மண்ணும். கப்பி கவ்வுவதற்கு முன்பே பொடியைப் போட்டால் அது கற்களுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கி நிறுத்திவிடும். எத்தனை நடை உருட்டினாலும் தளம் ஆடும். மண்ணின் நெகிழ்மைக் குறியெண் (களித்தன்மையைக் காட்டும் எண்) 6-க்குக் கீழே இருக்க வேண்டும். களி மிகுந்தால் முதல் மழையிலேயே ஊறி உப்பி, கல் பெயரும்.

ஆகவே ‘நீர்ப்பிணைப்பு’ சரியில்லை. நீர் எதையும் பிணைப்பதில்லை, பொடியை உள்ளே கொண்டுபோகிறது. ‘நீரூட்டுக் கப்பித்தளம்’ என்பது என் முன்மொழிவு. ‘கப்பி ரோடு’ மக்கள் வாயில் ஏற்கெனவே உள்ள சொல்.

வெட் மிக்ஸில் கல்லும் தூளும் நீரும் ஆலையிலேயே கலந்து வரும். பேவர் என்ற எந்திரம் பரப்பும், அதிர்வு உருளை இறுக்கும், உச்ச உலர் அடர்த்தியில் 98 விழுக்காடு எட்ட வேண்டும். ‘ஈரக்கலவைக் கப்பித்தளம்’ போதும்.

மறுமொழி 2

ஐயா, பள்ளி இயற்பியலில் கப்பி என்றால் கயிறு ஓடும் சக்கரம். மோதாதா? மேலும் பிட்டுமனுக்குத் தார் என்றே போடலாமா?

மறுமொழி 3

தனியாக நின்றால் மோதும். ‘கப்பித்தளம்’ என்று கூட்டிச் சொன்னால் மோதாது. ‘ஜல்லித்தளம்’ என்றால் மொட்டைமாடிக் கான்கிரீட் நினைவுக்கு வந்துவிடும்.

தார் வேண்டாம். தார் நிலக்கரியிலிருந்து கிடைப்பது, பிட்டுமன் கச்சா எண்ணெயின் எச்சம். பேச்சில் இரண்டும் தார்தான், ஒப்பந்தப் பத்திரத்தில் அப்படி எழுத முடியாது. பிட்டுமனுக்கு ‘நிலக்கீல்’ வழக்கில் உள்ளது. பிட்டுமினஸ் மெக்கடம் ‘திறந்த நிலக்கீல் கப்பித்தளம்’, டென்ஸ் வகை ‘அடர் நிலக்கீல் கப்பித்தளம்’. ‘திறந்த’ என்ற அடையை விட்டுவிடாதீர்கள். அதில் நிலக்கீல் 3.3 விழுக்காடு அளவே. இடைவெளி மிகுதி, தண்ணீர் இறங்கும். அதனால்தான் 48 மணி நேரத்துக்குள் மேலடுக்குப் போட்டாக வேண்டும் என்ற விதி. அடர் வகையில் 4 முதல் 4.5 விழுக்காடு, இடைவெளியும் குறைவு. அடை இல்லாத பெயரைப் படிக்கும் மேற்பார்வையாளர் இரண்டையும் ஒன்றாக நினைத்து மழைக்கு முன் திறந்து போட்டுவிடக்கூடும்.

டார்மாக்கைத் தார் என்று சொல்வதில் பிழையில்லை. எட்கர் பர்னெல் ஹூலி 1902-இல் காப்புரிமை பெற்றது உலைக்கசடோடு தார் கலந்த தளத்துக்குத்தான்; ‘தார்க் கப்பித்தளம்’ பொருந்தும். ஆனால் செய்தியில் ‘விமானம் டார்மாக்கில் நிற்கிறது’ என்றால் அங்கே தாரும் இல்லை, கப்பியும் இல்லை, பெரும்பாலும் கான்கிரீட். அதற்கு ‘விமான நிறுத்துதளம்’ என்று தனிப் பதிவு வேண்டும்.

தாவரவியல் பட்டியலிலிருந்து மக்காடமியா என்ற கொட்டை மரத்தை இங்கே இணைத்திருப்பதை நீக்கிவிடுங்கள். அது கிளாஸ்கோ அருகே பிறந்து ஆஸ்திரேலியா சென்ற வேதியியலாளர் ஜான் மக்காடம் பெயரால் வந்தது. குடும்பப்பெயர் ஒன்று, ஆள் வேறு. அங்கே ஒலிபெயர்ப்பே சரி.

மறுமொழி 4

நன்றி ஐயா. ஐந்து சொற்களையும் ஏற்றுப் பதிகிறேன். ‘மெக்கடம் முறை’ என்பதை 1816 காலத்து நீரும் மண்ணும் சேராத மூல முறைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். நீரூட்டுக் கப்பித்தளத்தின் விளக்கத்தில் ‘உலர்வாக உருட்டி இறுக்கிய பின்’ என்ற தொடரைச் சேர்த்துவிட்டேன்.