தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்ல வழிகாட்டுதல் தேவை

குழுவினருக்கு வணக்கம். ஆங்கில இலக்கியத்தில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்று, மதுரையில் ஆறு ஆண்டுகளாக ஆசிரியராக இருக்கிறேன். தென் கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்கு வழங்கும் இ-2 விசா பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே உரியது என்றாலும், 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி பெற்ற இந்தியர்களும் அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாகப் பணியாற்ற இடமளிக்கிறது. ஏட்டளவில் திறந்திருக்கும் இந்தக் கதவு வழியாக உண்மையில் எவரேனும் சென்றிருக்கிறீர்களா? பி.எட். சான்றிதழையே ஆசிரியர் உரிமமாக ஏற்றார்களா? பட்டச் சான்றிதழுக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்பதற்காக அரசு தரும் சான்றொப்பம்) பெற எத்தனை வாரங்கள் ஆயின? முன்பணம் கேட்கும் முகவர்களை நான் நம்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.