கழிவுநீர்த் திட்டத்தால் வயிற்றுப்போக்கு உண்மையிலேயே குறைகிறதா?

கேள்வி:
ஒடிசாவில் 100 கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கழிப்பறை கட்டும் திட்டம் நடைமுறைக்கு வந்த ஊர்களில் கழிப்பறையுள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு குறையவில்லை. அப்படியானால் இத்திட்டங்களின் பயன் எங்கேதான் தெரிந்திருக்கிறது?

மறுமொழி 1:
பிரேசிலின் சால்வடோர் நகரைப் பாருங்கள். அங்கே நகர் முழுவதற்குமான புதைசாக்கடைத் திட்டத்தால் இணைப்புப் பெற்ற வீடுகள் 26 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடாக உயர்ந்தன. 1997-98இலும் 2003-04இலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கண்காணித்தபோது, ஒரு குழந்தை ஆண்டுக்கு வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட நாள்கள் 9.2இலிருந்து 7.3ஆகக் குறைந்திருந்தன. நோய் மிகுதியாக இருந்த பகுதிகளிலோ சரிவு 43 விழுக்காடு.

மறுமொழி 2:
வேறுபாடு கட்டுமானத்தின் தன்மையில் இருக்கிறது என்பது என் கருத்து. கழிப்பறை இருந்தும் பலர் வெளியே செல்வதும், குழந்தைகளின் மலம் முற்றத்திலேயே கிடப்பதும் தொடர்ந்தால், கிருமி கைக்கும் ஈக்கும் தண்ணீருக்கும் தாவிக்கொண்டே இருக்கும். புதைசாக்கடையோ, ஒரு வீட்டாரின் பழக்கத்தை நம்பியிராமல், தெருவிலிருந்தே கழிவை அகற்றிவிடுகிறது.

கேள்வி கேட்டவர்:
குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசியால் சால்வடோரின் அந்தச் சரிவு நேர்ந்திருக்காதா?

மறுமொழி 1:
இல்லை. பிரேசில் அதைத் தேசியத் திட்டத்தில் சேர்த்தது 2006இல்தான். ஆயினும் திட்டம் எட்டாத வேறொரு நகரோடு ஒப்பிடாமல், முன்னும் பின்னும் மட்டுமே அளந்தார்கள் என்ற குறை அவ்வாய்வுக்கு உண்டு.