உதவி: ரன்வேயில் ஓடும்போது செஸ்னா இடது பக்கமே இழுக்கிறது

லேத்துக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 67. கோவையில் நாற்பது வருடம் லேத்து பட்டறை வைத்திருந்தேன். இப்போது பட்டறையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான், நான் மாடி அறையில் விமானம் ஓட்டுகிறேன்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கு நான் புதிது இல்லை. ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-ஐ நான்கு சிடியிலிருந்து ஏற்றி ஓட்டிய ஆள். அதன் பிறகு எஃப்எஸ்எக்ஸ், அதாவது ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். 2006-இல் வெளிவந்த அதை இந்தச் சித்திரை வரை விடவில்லை. செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் கோவையிலிருந்து கொச்சிக்கும் சென்னைக்கும் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது. "இன்னைக்கு எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டில் காபி வைப்பார்கள்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த மகள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். "எல்லாமே நிஜத்துல இருக்கிற மாதிரி வச்சிருக்கேன்ப்பா" என்றாள். அங்கேதான் வந்தது வினை.

எஞ்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுவதும் தள்ளுகிறேன். முப்பது நாட் வேகம் வருவதற்குள் மூக்கு இடது பக்கம் திரும்பி, ரன்வே ஓர விளக்கைத் தாண்டிப் புல்லில் இறங்கிவிடுகிறது. ஜாய்ஸ்டிக்கை வலது பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் கேட்பதில்லை. பதினொரு தடவை முயன்றதில் இரண்டு தடவைதான் மேலே ஏறினேன். எஃப்எஸ்எக்ஸில் இதே செஸ்னா நூல் பிடித்த மாதிரி ஓடியது. ஜாய்ஸ்டிக் அதே பழையதுதான். கோளாறு விமானத்திலா, கம்ப்யூட்டரிலா, என்னிலா?

ஃபிரேம்ரேட்

கிராஃபிக்ஸ் கார்டு என்ன ஐயா? ரேம் எவ்வளவு? நெட் ஸ்பீடு?

லேத்துக்காரர்

ரேம் 16. கார்டின் பெயர் அட்டைப்பெட்டியில் இருக்கிறது, பெட்டி பரணில் இருக்கிறது. படம் தடங்கல் இல்லாமல்தான் ஓடுகிறது தம்பி. இடது பக்கமாக ஓடுகிறது, அதுதான் பிரச்சினை.

வலது கால்

ஐயா, கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். இந்த சிமுலேட்டருக்கு அவர்கள் பரிந்துரைப்பதே 16 ஜிபிதான்.

விமானத்திலும் கோளாறு இல்லை. இப்போதுதான் அது உண்மையாக நடந்துகொள்கிறது. இத்தனை வருடம் உங்களிடம் நடித்துக்கொண்டிருந்தது. செஸ்னாவின் விசிறி, விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் பக்கம் சுற்றுகிறது. ஒன்றை ஒரு பக்கம் சுற்றினால், அதைப் பிடித்திருப்பது மறுபக்கம் திரும்பப் பார்க்கும் என்று லேத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இடது சக்கரத்தில் பாரம் கூடுகிறது. விசிறி தள்ளும் காற்று உடம்பைச் சுற்றிக்கொண்டு போய், நிமிர்ந்து நிற்கும் வால் துடுப்பை இடது பக்கத்திலிருந்து அறைகிறது. மூக்கைத் தூக்கியதும், கீழே இறங்கும் வலது பக்க இதழ் காற்றை அதிகமாகக் கடிக்கிறது. மூன்றும் சேர்ந்து மூக்கை இடது பக்கம்தான் தள்ளும். நிஜ விமானி, வால் துடுப்பில் திசை திருப்பும் பலகையான ரட்டரை அசைக்கும் பெடலை வலது காலால் மிதித்துச் சமாளிக்கிறார். பயிற்சி கொடுப்பவர்கள் நாள் முழுக்கக் கத்துவதும் "வலது ரட்டர், வலது ரட்டர்" என்றுதான். என் பெயர்க் காரணம் அதுவே.

எஃப்எஸ்எக்ஸில் ரியலிசம் என்று ஒரு பக்கம் உண்டு, திறந்திருக்கவே மாட்டீர்கள். பி-ஃபேக்டர், டார்க், கைரோ என்று, இந்த மாதிரி இழுப்புகளைக் கூட்டவும் குறைக்கவும் நகர்த்துகிற பட்டைகள் இருக்கும். ஆட்டோ ரட்டர் என்று ஒரு டிக்கும் இருக்கும். அந்த டிக் இருந்தால் ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தாலே ரட்டரும் கூடவே திரும்பிவிடும். புதியதில் உங்கள் மகள் இந்த மாதிரி உதவிகளை எல்லாம் அணைத்துவிட்டார். இப்போது சாய்த்தால் இறக்கையில் உள்ள, விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் மட்டும்தான் அசையும். தரையில் ஓடும்போது திசை திருப்புவது அதன் வேலை இல்லை.

உங்கள் ஜாய்ஸ்டிக்கின் கைப்பிடியைத் திருக முடிகிறதா, பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் ரட்டர். த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளாமல், நான்கு எண்ணுகிற நேரத்தில் தள்ளுங்கள். கூடவே லேசாக வலது பக்கம் திருகிக்கொண்டே வாருங்கள். 55 நாட்டில் மூக்கைத் தூக்கி, 74-இல் ஏறுங்கள்.

குறுக்குவழி

அசிஸ்டன்ஸ் பக்கத்தில் ஆட்டோ ரட்டரை ஆன் செய்தால் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு பாடம்?

லேத்துக்காரர்

திருகுகிறது! இத்தனை வருடமாக அந்தத் திருகல் எதற்கென்று நான் யோசித்ததே இல்லை. கை வலிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோ ரட்டர் வேண்டாம் தம்பி. லேத்தில் கையால் ஃபீடு கொடுக்க, அதாவது உளியை நகர்த்தப் பழகாத பையனை நான் ஆட்டோ ஃபீடில் விட்டதில்லை. எனக்கும் அதே சட்டம்தான்.

சொன்ன மாதிரி செய்தேன். எட்டுக்கு ஐந்து ஏறிவிட்டது. ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. ஜாய்ஸ்டிக்கில் கையே வைக்காமல் ரன்வேக்குப் போகும் பாதையான டாக்ஸிவேயில் மெதுவாக உருட்டினால்கூட இடது பக்கம் நகர்கிறது. அந்த வேகத்தில் விசிறிக்கு அவ்வளவு பலம் இருக்குமா?

வலது கால்

சரியான கேள்வி. அவ்வளவு இருக்காது. ஜாய்ஸ்டிக் வயது என்ன?

இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் எஞ்ஜினை அணைத்து, எண்ட் கீயை அழுத்தி வெளியே வந்து, விமானத்தின் வாலைப் பாருங்கள். ஜாய்ஸ்டிக்கைத் தொடாதபோது ரட்டர் நேராக நிற்கிறதா? அடுத்து கண்ட்ரோல்ஸ் ஆப்ஷனில் ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து சென்சிட்டிவிட்டி என்பதைத் திறங்கள். திருகும் அச்சுக்கான கோட்டில் ஒரு புள்ளி இருக்கும். கை எடுத்ததும் அது நடுவில் வந்து நிற்க வேண்டும். வேறு கேம் கன்ட்ரோலர் ஏதாவது செருகி இருந்தால் அதையும் கழற்றுங்கள், எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ட்ரிகரும் ரட்டரை அசைக்கும்.

பலாலிக்காரன்

தம்பி என்று கூப்பிடலாம்தானே, எனக்கு 71. டொரொண்டோவில் இருக்கிறேன். ரட்டர் கதையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் கண் கதை சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள்.

உங்கள் 172-இல் வட்ட மீட்டர்கள் இல்லை, ஜி1000 என்கிற இரண்டு திரைகள்தான் இருக்கும். அந்த எழுத்து எறும்பு மாதிரி. நான் இரண்டு மாதம் பைஃபோக்கல் கண்ணாடியோடு நாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, கழுத்துப் பிடித்து, பிசியோவுக்குப் போனேன். பிறகு கண் டாக்டரிடம், கதிரையில் இருந்து திரை வரைக்குமான தூரத்தை அளந்து சொல்லி, அதற்கு மட்டும் தனிக் கண்ணாடி செய்துகொண்டேன். சிமுலேட்டருக்கு நான் செலவழித்ததில் உருப்படியான செலவு அதுதான்.

வலது ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு ஜி1000 திரையைக் கிளிக் செய்தால் அது தனி விண்டோவாகக் கழன்று வரும். இழுத்துப் பெரிதாக்கலாம், இன்னொரு மொனிட்டர் இருந்தால் அதில் போடலாம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் பார்வை கொஞ்சம் உயரும், மூக்குக்கு மேலால் ரன்வே தெரியும். மவுஸைக் கொண்டுபோனால் சுவிட்ச் எல்லாம் நீலமாக ஒளிர்ந்து பிடிவாதம் பிடிக்கிறதா? ஜெனரல் ஆப்ஷனில் அக்சஸிபிலிட்டிக்குள் காக்பிட் இன்டராக்‌ஷன் என்று இருக்கும். அதை லாக் என்பதில் இருந்து லெகசிக்கு மாற்றுங்கள். எஃப்எஸ்எக்ஸில் பழகிய கை நிம்மதி அடையும்.

இன்னும் பயமாக இருந்தால் செஸ்னா 152-ஐ எடுங்கள். வட்ட மீட்டர், இரண்டே இருக்கை, 50 நாட்டில் மூக்கைத் தூக்கலாம். பழைய ஆட்களுக்குப் பழைய விமானம்.

லேத்துக்காரர்

அண்ணா, கழுத்துக்கு நான் ஏற்கனவே தைலம் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நாளைக்கே டேப் எடுத்து அளக்கிறேன். லெகசி மாற்றிவிட்டேன், மகராசனாக இருங்கள்.

இனி ஜாய்ஸ்டிக். வாங்கி 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. வெளியே வந்து பார்த்தால் ரட்டர் ஒரு விரல் அளவு இடது பக்கம் சாய்ந்து நின்றது. சென்சிட்டிவிட்டியில் அந்தப் புள்ளி, கை வைக்காதபோதும், நடுவை விட்டு இடது பக்கமாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. தேள் கொடுக்கு மாதிரி.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? அடியில் இருந்த ஸ்குரூக்களைக் கழற்றித் திறந்தேன். கைப்பிடியின் தண்டு முடிகிற இடத்தில் ஒரு சின்ன பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோவில் வால்யூம் வைக்க இருக்குமே, அதே ஜாதி. சுற்றிலும் பஞ்சு மாதிரித் தூசி. அதைவிட, தண்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கவ்வி தேய்ந்து, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆட்டம் இருந்தது. பட்டறையில் இவ்வளவு ஆட்டம் இருந்தால் அந்த மெஷினில் நான் ஆணிகூடக் கடைய மாட்டேன். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்கலாமா?

வலது கால்

ஐயோ, வேண்டாம். அது எண்ணெய்ப் படலம் விடும், உள்ளே இருக்கும் கரித்தடத்தில் தூசி இன்னும் ஒட்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் காண்டாக்ட் கிளீனர் என்று கேளுங்கள். யூஎஸ்பியைப் பிடுங்கிவிட்டு, இரண்டு சொட்டு அளவு அடித்து, கைப்பிடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐம்பது தடவை திருகுங்கள். அரை மணி நேரம் உலரட்டும்.

கவ்வியை என்ன செய்வது என்று உங்களுக்கு நான் சொன்னால் சிரிப்பார்கள். மிச்ச நடுக்கத்துக்கு அதே சென்சிட்டிவிட்டி பக்கத்தில் டெட்ஸோனை, அதாவது நடுவில் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத இடத்தை, 5 சதவீதம் வையுங்கள். அதற்கு மேல் போனால் கை அசைவது விமானத்துக்குத் தாமதமாகத்தான் தெரியும்.

லேத்துக்காரர்

கவ்விக்குப் பித்தளையில் மெல்லியதாக ஒரு புஷ், அதாவது உள்வளையம், கடைந்து போட்டேன். பட்டறைக்குப் போய் மெஷினைத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது. தம்பி மகன் "எதுக்கு பெரியப்பா இது?" என்றான். விமானத்துக்கு என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தான்.

புள்ளி இப்போது நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. டெட்ஸோன் 3 சதவீதமே போதும்.

ஆனாலும் இன்னொன்று. காலையில் ஓட்டினால் நேராக ஏறுகிறது, சாயங்காலம் ஓட்டினால் மறுபடி இடது பக்கம் தள்ளுகிறது. அதே கை, வடகிழக்குப் பார்த்து ஓடும் அதே ரன்வே 05. எஃப்எஸ்எக்ஸ் காலத்திலிருந்தே எனக்கு 05-தான் ராசி. ஜாய்ஸ்டிக் சூடாகிறதா?

வலது கால்

வெதர் எதில் இருக்கிறது? லைவ் என்று இருந்தால், மேலே டூல்பாரில் வெதரைத் திறந்து காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை நாட் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

லேத்துக்காரர்

லைவ்தான். 260 டிகிரி, 16 நாட் என்று காட்டுகிறது.

எழுதும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் பதில் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று! சாயங்காலம் மாடியில் துணி காய்ப்போட்டால் பக்கத்து வீட்டில்தான் போய் எடுக்க வேண்டும். இந்தக் காற்று காலத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே நிஜ விமானம் மேற்கு பார்த்துத்தான் ஏறுகிறது. அறுபது வருடமாகப் பார்க்கிறேன். நான் மட்டும் திரைக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, காற்று முதுகில் அடிக்க, வடகிழக்குப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறேன். பழைய சிமுலேட்டரில் எப்போதும் தெளிந்த வானம் வைத்தே ஓட்டியதால் எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒன்றாக இருந்தது.

வலது கால்

அப்படியே. ரன்வே 05-இல் நின்றால் 260 டிகிரிக் காற்று உங்களுக்குப் பின்னால் இடது பக்கத்திலிருந்து வருகிறது. அது வாலை வலது பக்கம் தள்ளும், மூக்கு இடது பக்கம் போகும். விசிறியும் அதே பக்கம் இழுக்கிறது, தேய்ந்த கவ்வியும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. மூன்று பேரும் கூட்டு. போதாததற்கு, பின்காற்றில் ஓடினால் 55 நாட் வருவதற்குள் ரன்வேயும் கூடுதலாகத் தீர்ந்துவிடும்.

உலக வரைபடத்தில் கோவையைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டியலில், அதே ரன்வேயை மறுமுனையிலிருந்து ஓடும் 23-ஐ வைத்துப் பாருங்கள். காற்று முன்னால் வலது பக்கத்திலிருந்து வரும். மூக்கை அது வலது பக்கம் இழுக்கும், விசிறி இடது பக்கம் இழுக்கும். திருக வேண்டியதும் குறையும்.

லேத்துக்காரர்

23-இல் நான்கு தடவை, நான்கும் நடுக்கோட்டிலேயே ஏறிவிட்டது! கைப்பிடியைத் திருகியதே தெரியவில்லை. ஊருக்கு மேலாகப் போய், மருதமலைப் பக்கம் வளைத்துத் திரும்பினேன். எங்கள் வீடு இருக்கிற இடத்தில் ஏதோ ஒரு வீட்டை வைத்திருக்கிறார்கள், மாடி அறை இல்லை. போகட்டும். தெருவும் கிணற்றடி வேப்பமரமும் சரியாக இருக்கின்றன.

எல்லோருக்கும் நன்றி. இதைத் தீர்ந்தது என்று குறித்துவிடலாம். இறங்கும்போது ஒரே ஒரு சந்தேகம்: இறக்கையின் பின்பக்க மடிப்பான ஃப்ளேப்பை முதல் கட்டம் இறக்கியதும் மூக்கு தானாக மேலே தூக்குகிறது. இதுவும் ஜாய்ஸ்டிக்கா? திறந்து பார்க்கவா?

வலது கால்

திறக்காதீர்கள் ஐயா! 172-க்கு அது இயல்பு. கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளி, நம்பர் பேடில் 7-ஐத் தட்டி, மூக்கின் உயரத்தைப் பிடித்துவைக்கும் ட்ரிம்மைக் குறையுங்கள். வேகம் 110 நாட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் ஃப்ளேப்பில் முதல் 10 டிகிரி. மற்றதற்குப் புது இழை போடுங்கள், இது நீண்டுவிட்டது.