வெப்பாலை மரத்தில் கடைந்த சதுரங்கக் காய்கள் வெடிக்கின்றன, எங்கே தப்பு?

குதிரைக்காது:
வணக்கம். லேத்தில் கடைசல் பழகி ஒரு வருஷம் ஆகிறது. சொப்புச் சாமானும் பூரிக்கட்டையும் அலுத்துப்போய், முழு சதுரங்க செட் ஒன்றில் இறங்கினேன். போட்டிகளில் வைக்கும் வழக்கமான ஸ்டான்டன் வடிவம், ராஜா 95 மி.மீ., சிப்பாய் 50 மி.மீ. வெள்ளைக்கு, தை மாதம் தோட்டத்தில் வெட்டிய வெப்பாலை, மாசியில் கடைந்தேன். கறுப்புக்குத் தாத்தாவின் தேக்குக் கட்டில் கால், சாயம் ஏற்றியது. எடைக்காக அடியில் துளைபோட்டு, மீன் வலை ஈயத்தை உருக்கி ஊற்றினேன்.

சித்திரை வெயில் வந்ததும் வெள்ளைக் காய்கள் வெடிக்க ஆரம்பித்தன. ராஜா, ராணி, ஒரு மந்திரி, ஐந்து சிப்பாய். முந்தாநாள் ராத்திரி அலமாரிக்குள் 'டக்' என்று சத்தம். காலையில் பார்த்தால் ராணிக்கு அடியிலிருந்து இடுப்புவரை கோடு, நகம் நுழைகிறது. கறுப்பில் ஒன்றுகூட இல்லை. வார்னிஷ் சரியில்லையா?

பட்டறைவாசி:
வார்னிஷை விடுங்கள் தம்பி. வெள்ளையில் ஈயம் ஊற்றாத காய் ஏதாவது இருக்கிறதா? அப்புறம், வெடித்த சிப்பாய்களின் உச்சந்தலையில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறதா?

குதிரைக்காது:
இரண்டு குதிரைக்கு இன்னும் ஊற்றவில்லை அண்ணா, தலை செதுக்கி முடியவில்லை. அவற்றின் அடிப்பாகத்தில் கீறல் இல்லை. சிப்பாய்... ஆமாம்! ஐந்தில் மூன்றுக்குப் புள்ளி இருக்கிறது. அந்த மூன்றும் தலையிலிருந்துதான் வெடித்திருக்கின்றன. ஒல்லிக் கிளையை அப்படியே மாட்டிக் கடைந்தவை.

பட்டறைவாசி:
அப்போது நோய் இரண்டு. அந்தப் புள்ளி கிளையின் நடுமையம். மரம் காயும்போது வளையத்தின் சுற்றுப்போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மையம் உள்ளே இருந்தால் எங்காவது பிளந்தே தீரும். அந்த மூன்றும் போனதுதான். அடுத்த முறை தடித்த கட்டையை நாலாகப் பிளந்து, மையத்தை ஒதுக்கிவிட்டுக் கடையுங்கள்.

மற்றவை ஈயத்தால் வந்தவை. பச்சை மரம் சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இறுகிய ஈயம் இம்மியும் விட்டுக்கொடுக்காது. வேறு வழியில்லாமல் மரம் கிழிகிறது. கட்டில் கால் பல வருஷம் காய்ந்தது, சுருங்க அதில் மிச்சமில்லை. லண்டனில் 1849 முதல் விற்ற ஸ்டான்டன் செட்டுகளில்கூட, ஈயம் வைத்த பழைய காய்களில் இந்த அடிவெடிப்பைப் பார்க்கலாம்.

தச்சன்மகள்:
முதலில் அந்த ஈயம் உருக்குவதை நிறுத்துங்கள், அதுவும் வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். புகை ஆபத்து. இரும்பு நட்டு அல்லது வாஷர்களை, சுற்றிலும் ஒரு மி.மீ. இடம் விட்டு வைத்து, தேன்மெழுகு ஊற்றினால் போதும். மேலே வெல்வெட் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது!

குதிரைத் தலை ஏன் முடியவில்லை?

குதிரைக்காது:
காது இரண்டு முறை உடைந்துவிட்டது அக்கா. பெயரே அதனால்தான். மூக்கு நீளமாக வரட்டும் என்று நார் படுக்கைவாக்கில் போகும்படி துண்டு வெட்டினேன்.

தச்சன்மகள்:
அதேதான். நார் நின்றவாக்கில் ஓட வேண்டும், காது அதோடு சேர்ந்து மேலே எழும்ப வேண்டும். மூக்கு தடியானது, தாங்கிக்கொள்ளும். தலையைத் தனியாகச் செதுக்கி, கடைந்த அடியில் முளை வைத்து ஒட்டுங்கள். சதுரங்கக் காய் செய்யும் அமிர்தசரஸ் பட்டறைகளிலும் தலை தனி, அடி தனிதான். தாடை, கழுத்து, பிடரி எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் காதில் கைவையுங்கள். உளியைவிட உப்புத்தாள் சுற்றிய ஈர்க்குச்சி அங்கே நல்லது.

குதிரைக்காது:
வெடித்த ராணியைக் காப்பாற்ற முடியுமா? மூன்று நாள் உழைப்பு அது.

பட்டறைவாசி:
முடியும். முகமூடி போட்டு, மெதுவாக ஈயத்தைத் துளைத்து எடுங்கள், தூளைச் சிதறவிடாதீர்கள். உடனே பிளவை அடைக்காதீர்கள். வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றபின், அதே மரத்தில் மெல்லிய சிம்பு சீவி பசையோடு செருகித் தேயுங்கள். முன்னாலேயே அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும்.

குதிரைக்காது (ஐந்து வாரம் கழித்து):
ராணி 41 கிராமிலிருந்து 36க்கு வந்து நின்றுவிட்டாள். சிம்பு வைத்தாயிற்று, தேடினால்தான் தெரிகிறது. ஒரு குதிரைக்குக் காது இரண்டும் நிற்கின்றன. இன்னொன்றுக்கு இடது காது கொஞ்சம் குட்டை, அதைத் தொடப் பயமாக இருக்கிறது.

தச்சன்மகள்:
தொடாதீர்கள்.